ஜீப் வராத வீட்டுக்குப் பானையும் வராது

கருப்பசாமி துணை

பெருமாநல்லூர்,
ஐப்பசி 24.

என் உடன்பிறந்த தங்கை சித்ராதேவியின் கணவரும், பல்லடம் ரோட்டில் மூன்று மாடி பனியன் ஏற்றுமதிக் கம்பெனிக்கு முதலாளியும், இருபத்திரண்டு நாட்களாக என் போனை எடுக்காதவருமான மாப்பிள்ளை மாதவன் அவர்களுக்கு, மச்சான் ராஜபாண்டி எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் சம்சாரம் ஒச்சாயியும் இருபது தையல் மிஷின்களும் ஜீப்பும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சியும் குழந்தை அபிராமியும் உங்கள் புது வண்டியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கருப்பசாமியிடம் சொல்லிவிட்டுத்தான் கம்பெனிக் கதவைத் திறக்கிறேன். வண்டியின் சீட்டுகள் மட்டும் இன்னும் தேறவில்லை என்று கேள்விப்பட்டேன். அவற்றுக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். போனில் பேசலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றால், நான் அதிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டதாக உறவுக்குள் பேச்சு அடிபடுகிறதாம். அது சுத்தப் பொய். கண்ணாடி போடாமல் யாருக்கோ பிறந்தநாள் பூப்படம் அனுப்பப் போய் எதையோ அமுக்கினேன், வெளியே வந்து விழுந்துவிட்டேன். திரும்ப உள்ளே போக வேண்டும் என்றால் அட்மினைக் கேட்க வேண்டுமாம். அட்மின் நீங்கள். கேட்க எனக்கு மனம் வரவில்லை. தங்கச்சியும் போன் செய்யவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. புருஷன் பக்கம் நிற்கிறாள், அப்படித்தான் நிற்க வேண்டும், நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் டிரைவர் தங்கவேலு வந்து புதுவீட்டுப் பத்திரிகையை வைத்துவிட்டுப் போனார். பெண்ணின் அண்ணனுக்கு டிரைவரிடம் பத்திரிகை கொடுத்தனுப்புவது எந்த ஊர் வழக்கம் என்று நான் கேட்கவில்லை. மனதிலும் வைத்துக்கொள்ளவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன். பத்திரிகை அருமையாக இருந்தது. பிறந்த வீட்டார் என்ற இடத்தில் என் பெயரும் ஒச்சாயி பெயரும் தங்க எழுத்தில் இருந்தன. அதைத் தடவிப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் தங்கவேலு தொண்டையைச் செருமினார். “ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மொதலாளி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாருங்க. வெள்ளிக்கெழமை விடியறதுக்குள்ள கார் அனுப்பி வெக்கறாராமுங்க. நீங்க ஜீப்பக் கொண்டார வேண்டாமுங்க. ஜெர்மனியில இருந்து துணி வாங்கற பையருங்க வர்றாங்க, வாசல்ல நிறுத்த எடமில்லீங்க” என்றார். “எடம் ஜீப்புக்கு இல்லையா, எனக்கு இல்லையா?” என்று கேட்டேன். “அத நான் எப்படிங்க சொல்றது, நான் டிரைவருங்க” என்று சொல்லி, ஒச்சாயி கொடுத்த மோரை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

என் பதில் இதுதான். ஜீப் வராத வீட்டுக்கு நானும் வரமாட்டேன். நான் வராவிட்டால் பானையும் வராது. நம் வழக்கத்தில் புதுவீட்டில் முதல் பால் பொங்குவது பெண்ணின் பிறந்த வீட்டார் கொண்டுவரும் பானையில்தான் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் அப்பாவும் அம்மாவும் போனபிறகு சித்ராவுக்குப் பிறந்த வீடு என்றால் அது நான் ஒருத்தன்தான். பித்தளைப் பானை வாங்கி, புளி போட்டு விளக்கி, கழுத்தில் மஞ்சள் கட்டி, பீரோ மேல் வைத்திருக்கிறோம். ஒச்சாயி தினமும் அதைத் துடைக்கிறாள். துடைக்கும்போது என்னைப் பார்க்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உங்கள் வண்டி உசத்தியா, என் ஜீப் உசத்தியா என்று உறவுக்குள் ஒரு பட்டிமன்றமே ஓடுவதால், இரண்டையும் பற்றி நடுநிலை தவறாமல் எழுதுகிறேன். உங்கள் வண்டிக்கு அறுநூறு குதிரை சக்தி. என் ஜீப்புக்கு அறுபது, அதிலும் சில குதிரைகளுக்கு வயதாகிவிட்டது. உங்கள் வண்டி நின்ற இடத்திலிருந்து நாலே விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. என் ஜீப் அந்த வேகத்தை இதுவரை தொட்டதில்லை, தொட வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை, பெருமாநல்லூர் ரோட்டில் அந்த நாலு விநாடியை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பீர்கள்? முதல் விநாடியில் சாயப்பட்டறை லாரி குறுக்கே வரும், இரண்டாவதில் கம்பெனி பஸ், மூன்றாவதில் வேகத்தடை, நாலாவதில் யாராவது ஒருவர் ஸ்கூட்டரில் ஆறு மூட்டை பனியனோடு வண்டியைத் திருப்பிக்கொண்டிருப்பார். உங்கள் வண்டியில் நாலு பேருக்கு நாலு விதமான குளிர் வைக்கலாமாம். என் ஜீப்பில் தார்ப்பாயைச் சுருட்டிவிட்டால் எல்லோருக்கும் ஒரே காற்று, யாரும் சண்டைக்கு வர முடியாது. உங்கள் வண்டியில் இருபது ஸ்பீக்கர். ஜீப்பில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த ஒரு வசதியால்தான் நானும் ஒச்சாயியும் இருபத்தேழு வருஷம் அதில் சச்சரவே இல்லாமல் பயணம் செய்திருக்கிறோம்.

நடுநிலை என்று சொன்னபிறகு இதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் வண்டி வந்த அன்றைக்கு நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெருமாநல்லூர் பேக்கரியில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டி, அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவன் நான். “பதினேழு வயசுல ஒரு மஞ்சப்பையோட வந்து, என் லைன்ல டெய்லருக்குத் துணி எடுத்துக் குடுக்குற கைமடியாச் சேந்த பய. எங்க மாப்பிள்ளை. இன்னைக்கு இந்த வண்டி திருப்பூர்லயே ரெண்டு பேருகிட்டதான் இருக்கு” என்று சொன்னேன். ரெண்டு பேர் என்பது நானாகச் சேர்த்தது. அன்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இன்றைக்கும் பெருமைதான். அது வேறு, ஜீப் வேறு.

இனி காதுகுத்துக்கு வருகிறேன். அன்று நடந்ததை நீங்கள் ஓடையின் மறுகரையில் நின்று பார்த்தீர்கள். இந்தக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எட்டு வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தைக்குக் காதுகுத்து. அவிநாசிபாளையத்துக்கு உள்ளே, நம் ஆட்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து எழுப்பிய கருப்பசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். நான் ஜீப்பில் சீர் கொண்டுவருகிறேன் என்றுதான் சொன்னேன். நீங்கள்தான், “ஜீப்புல தட்டு வச்சா வந்து சேர்றதுக்குள்ள பாதித் தட்டு ரோட்டுல கெடக்கும் மச்சான். சீரு என் வண்டியில வரட்டும். நீங்க ஜீப்புல முன்னாடி வாங்க” என்றீர்கள். நானும் ஒத்துக்கொண்டேன். அதுதான் என் முதல் தவறு.

முந்தின நாள் தங்கவேலு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே பார்த்தால் சீட்டெல்லாம் பால் வெள்ளை, தோலில். இருபத்தொரு தட்டுச் சீரும் ஒரு கிடாயும் இதில் போனால் என்ன ஆகும்? தங்கச்சி வீட்டு வண்டி கறைபடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் டேப்பை எடுத்தேன். சீட்டுக்கு மார்பளவு எடுத்தேன், உயரம் எடுத்தேன், தோள் எடுத்தேன். முன் சீட்டு எக்ஸ்எல், பின் சீட்டு டிரிபிள் எக்ஸ்எல். ஓரத்தில் கிடந்த சிவப்புத் துணி ரோல் ஒன்றைப் பிரித்து, வெட்டி, தைத்து, ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பனியன் மாட்டினேன். தலை சாய்க்கும் இடத்துக்குக் கழுத்துப் பட்டி வைத்து, அது தளராமல் இருக்க இரட்டைத் தையலும் போட்டேன். அடித்துச் சொல்கிறேன், எந்த வெளிநாட்டு பையர் வந்து பார்த்தாலும் அந்தத் தையலில் குறை சொல்ல முடியாது. ஒச்சாயி மட்டும், “ஏங்க, இம்புட்டு நல்ல துணி இத்தனை நாளா ஏன் மூலையில கெடந்துச்சு?” என்று கேட்டாள். “சும்மா கெடந்துச்சு” என்றேன். நன்றாக யோசித்துச் சொல்லியிருக்கலாம்.

காலையில் சீர் ஏற்றினோம். உங்கள் வண்டியின் பின்கதவு, அடியில் காலை ஆட்டினால் தானாகத் திறக்குமாம். அது தெரியாமல் கிடாயை வண்டிக்குப் பின்னால் கட்டிவைத்திருந்தோம். கிடாய் காலை உதறும்போதெல்லாம் கதவு திறந்தது. திறந்த கதவைப் பார்த்துக் கிடாய் பயந்து மறுபடி உதறியது, கதவு மூடியது. தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் அது திறந்த சமயமாகப் பார்த்துக் கிடாயை உள்ளே தள்ளினோம். பெரிய அண்டாவை முன் சீட்டில் வைத்தால் வண்டி கூவுகிறது. என்னவென்று கேட்டால், பெல்ட் போடாத ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறதாம். “அண்டாவுக்கு பெல்ட் போட்டாத்தானுங்க இது வாயை மூடும்” என்றார் தங்கவேலு. போட்டோம். மூடியது. தேங்காய் மூட்டைக்கும் போட்டோம். எல்லாவற்றுக்கும் பெல்ட் போட்டு, மரியாதையாக உட்கார வைத்து அனுப்பிய முதல் சீர் இந்தத் தமிழ்நாட்டில் நம்முடையதாகத்தான் இருக்கும்.

சீர் புறப்படும்போது முன்னால் தப்பு அடித்து ஆட வேண்டுமா இல்லையா? ஆடினார்கள். உங்கள் வண்டி நகரவில்லை. தங்கவேலு மிதிக்கிறார், வண்டி தானாக பிரேக் போடுகிறது. “முன்னால ஆள் இருக்குதுன்னு பயப்படுதுங்க. ஆடறவங்கள நகரச் சொல்லுங்க” என்றார். ஆடுகிறவர்களை நகரச் சொன்னால் சீருக்கு என்ன மரியாதை? கடைசியில் வேறு வழியில்லாமல் தப்புக்காரர்களை வண்டிக்குப் பின்னால் நிறுத்தினோம். பார்த்தவர்களுக்கு, ஊரே மேளம் அடித்து அந்த வண்டியைத் துரத்திவிடுகிற மாதிரி இருந்திருக்கும். நானும் ஒச்சாயியும் ஜீப்பில் முன்னால் போனோம். என் ஜீப் யாரைக் கண்டும் பயப்படுவதில்லை. ஆடுகிறவர்கள்தான் அதைக் கண்டு ஒதுங்குவார்கள்.

தாராபுரம் ரோட்டில் ஏறியதும் உங்கள் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. சத்தமே இல்லை, ஒரு காற்று மட்டும். அண்டா கம்பீரமாக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன், அழகான காட்சி. “நம்ம சித்ரா வீட்டு வண்டி, பாத்தியா?” என்று ஒச்சாயியிடம் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை.

பிறகு மழை பிடித்தது. கோயிலுக்குத் திரும்பும் மண்பாதையில் நாங்கள் இறங்கும்போதே ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். நடுவில் உங்கள் வண்டி. வயிறு வரைக்கும் சகதியில் உட்கார்ந்திருந்தது. அகலமான டயர், வழுவழுப்பான டயர், நாலு சக்கரமும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டிருந்தது. அறுநூறு குதிரையும் சேர்ந்து தோண்டினால் குழி சீக்கிரம் ஆழமாகிவிடும் அல்லவா? கிடாய் பயத்தில் உள்ளே எதையோ உதைக்க, பின்கதவு திறந்துகொண்டது. மழை நேராக உள்ளே அடித்தது. தங்கவேலு தலையில் கைவைத்து நின்றார். மறுகரையில் நீங்கள், பட்டு வேட்டி பட்டுச் சட்டையோடு, குடைக்கு அடியில். நல்ல நேரம் முடிய முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒச்சாயி ஜீப்பிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “தட்ட மட்டும் ஜீப்புல மாத்துங்க. அஞ்சு நிமிசத்துல போயிரலாம். கார அப்பறம் டிராக்டர் வச்சு எடுத்துக்கட்டும்” என்றாள். சரியான யோசனை. அப்படிச் செய்திருந்தால் எந்த வம்பும் வந்திருக்காது. ஆனால் மறுகரையில் உறவெல்லாம் வரிசையாக நிற்கிறது. போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். நேற்றுவரை உங்களை அண்ணாந்து பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள். “என் தங்கச்சி வீட்டு வண்டிய சகதியில விட்டுட்டு நான் மட்டும் போயி நிக்கவா? அது வெளிய வந்தாத்தான் நானும் வருவேன்” என்றேன். வீம்புக்குத்தான் சொன்னேன் என்று ஒச்சாயி இன்றைக்கும் சொல்கிறாள். வீம்பில்லை மாப்பிள்ளை. உங்களைப் பார்த்து அவர்கள் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கயிறு யாரிடமும் இல்லை. ஜீப்பில் சாம்பிளுக்கு எடுத்துவைத்த ஒரு ரோல் துணி இருந்தது. அதை மூன்று மடங்காக முறுக்கினால் கப்பலையே இழுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். உங்கள் வண்டியில் இழுக்கும் கொக்கியைத் தேடினால் வெளியே எங்கும் இல்லை. அது ஒரு பெட்டிக்குள் இருக்கிறதாம். பெட்டி பின்பக்கத் தரைக்கு அடியில் இருக்கிறதாம். தரைக்கு மேல் கிடாய் இருந்தது. கிடாயை இறக்கி, கொக்கியை எடுத்து முடுக்கி, துணியைக் கட்டி, நான் ஜீப்பில் ஏறினேன். ஜீப் பத்தடி போனது, இருபதடி போனது. மறுகரையில் நீங்கள் கைதட்டினீர்கள். திரும்பிப் பார்த்தால் உங்கள் வண்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. துணிதான் நீண்டுகொண்டே வருகிறது. அது லைக்ரா கலந்த துணி. பெண்கள் உடற்பயிற்சிக்குப் போட்டுக்கொள்ளும் இறுக்கமான பேண்ட் தைப்பதற்காக வந்தது. நாலு பக்கமும் இழுபடும், விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் என்று நானே எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன்! கிளட்ச்சை மிதித்தேன். துணி பழைய அளவுக்குத் திரும்பியது. ஜீப்பும் கூடவே திரும்பியது. முப்பத்தைந்து வருஷம் துணியோடு குடித்தனம் செய்தவன், அன்று அத்தனை பேர் முன்னிலையில் துணி என்றால் என்னவென்று கற்றுக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்துக்கார அம்மாவுக்கு மருதாள் என்று பெயர். அவர் வரப்பில் நின்று இத்தனையையும் பார்த்திருக்கிறார். “ஏனுங்க சாமி, பனியன் துணியில காரக் கட்டி இழுத்தா வருமுங்களா? நீங்க திருப்பூருங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதானே பாத்தேன்” என்று சொல்லி, உள்ளே போய்க் கைத்தண்டி வடக்கயிறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் என் நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது. நான் சகதியில் இறங்கி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கட்டும் என்று ஜீப்பின் முன் சக்கரம் இரண்டையும் கையால் திருகிப் பூட்டினேன். உங்கள் வண்டியில் அதற்கு ஒரு பட்டன் இருக்கும். என் வண்டியில் அதற்கு நான் இருக்கிறேன். உள்ளே ஏறி, இரண்டாவது லிவரைக் கீழே தள்ளி, சின்ன கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தும் வைக்காமலும் விட்டேன். வால்பாறை எஸ்டேட் ஏலத்தில் நான் எடுத்தபோதே அரைக் கிழமாக இருந்த வண்டி, ஒரு தடவை செருமியது, கரும்புகை விட்டது, பிறகு யாருக்கும் எந்த அவசரமும் இல்லை என்பதுபோல ஒவ்வொரு அடியாக நகர்ந்தது. நிற்கவில்லை. வழுக்கவில்லை. சகதி உங்கள் வண்டியைச் சப்புக்கொட்டிக்கொண்டே விட்டது. கரை ஏறியதும் உறவெல்லாம் விசில் அடித்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. உங்களை மட்டும்தான் பார்த்தேன். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

நல்ல நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது அபிராமி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் என் மீசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அழுதது நான்தான். மீசை வலித்தது என்று அப்போது சொன்னேன். எட்டு வருஷமாக அந்த மடி காலியாக இருந்தது மாப்பிள்ளை, அதனால் அழுதேன்.

அத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. விருந்துக்கு வருகிறவர்களை அழைக்க நீங்கள் போகும் முன், சகதியில் வண்டிக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று பார்க்க முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். அண்டாவை அப்போது இறக்கியிருந்தோம். ஐந்து நிமிஷம் எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு இறங்கினீர்கள். முதுகிலிருந்து முழங்கால் வரை உங்கள் வெண்பட்டு முழுக்கச் சிவப்பு. “என்னப்பா, அதுக்குள்ள கெடா வெட்டியாச்சா?” என்று நம் பெரியப்பா ஒருவர் கேட்டார். அந்த விநாடியில்தான் அந்தத் துணி ஏன் மூலையில் கிடந்தது என்று எனக்கு நினைவு வந்தது. ஈரம் பட்டால் சாயம் இறங்குகிறது என்று பையர் திருப்பியனுப்பிய துணி அது. மழை அடித்து ஊறிய பனியனைக் கழற்றிப் பார்த்தால், பால் வெள்ளைத் தோலில் என் தையல் கோடு உட்பட எல்லாம் அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது. தையல் நேராக இருந்தது என்பதை மட்டும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். நானும் தலை குனிந்து நின்றிருப்பேன். துணி என்னுடையது, மறதி என்னுடையது. ஆனால் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “மொதல்ல அந்த ஓட்டத் தகரத்த எடைக்குப் போடுங்க மச்சான். அத வச்சுக்கிட்டு வந்தாலே இப்படித்தான் வெளங்கும்” என்றீர்கள். ஜீப் என்ன பாவம் செய்தது? சாயம் விட்டது ஜீப்பா? அரை மணி நேரத்துக்கு முன் உங்கள் வண்டியை இழுத்த ஈரம்கூட அதற்குக் காயவில்லை. அந்தத் தகரத்தில்தான் நீங்கள் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தீர்கள். உங்கள் முதல் ஆர்டரின் பெட்டிகள் அந்தத் தகரத்தில்தான் ஏறிப் போயின. அன்று லாரி கிடைக்கவில்லை, நாம் இருவரும்தான் மாறிமாறி ஓட்டினோம். என்னைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். ஜீப்பைச் சொல்லிவிட்டீர்கள்.

ஆகையால் என் முடிவைத் தெளிவாக எழுதுகிறேன். உங்கள் புதுவீட்டு வாசலில், ஜெர்மனிக்காரர்கள் பார்க்கும்படி, ஜீப்புக்கு ஒரு இடம் வேண்டும். அழைப்பு தங்கவேலு வாயால் வரக் கூடாது, உங்கள் வாயால் வர வேண்டும். நீங்கள் அனுப்பும் வண்டியில் நான் ஏறமாட்டேன். பின்கதவு தானாகத் திறந்து வரவேற்றாலும் ஏறமாட்டேன், ஒச்சாயி முன்னால் கருப்பசாமி மேல் சத்தியம் செய்தாகிவிட்டது. இவை நடக்காவிட்டால் பானை பீரோ மேலேயே இருக்கும். நானும் அதன் கீழேயே இருப்பேன். இதில் மாற்றம் இல்லை.

குழந்தையின் காது ஆறிவிட்டதா என்று யாரிடமாவது சொல்லியனுப்பவும். தோட்டைத் திருகிவிட மறக்க வேண்டாம். கருப்பசாமி உங்கள் வீட்டுக்குக் காவல் நிற்கட்டும், தறியும் தையலும் ஓயாமல் ஓடட்டும், கட்டிய வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். ஒச்சாயி உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
மாறாத மனதுடன்,
மச்சான் ச. ராஜபாண்டி

பி.கு.: இதை மடித்து உறையில் போட்டுப் பசை தடவும் நேரத்தில் தங்கச்சி போன் செய்தாள். சீட்டைப் பற்றியோ, ஜீப்பைப் பற்றியோ, உங்களைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. “அண்ணே, வெள்ளிக்கெழம எத்தனை மணிக்கு வருவீக? நீங்க வந்தப்பறம்தான் அடுப்பப் பத்தவைக்கணும்” என்றாள். மேலே எழுதிய அத்தனையையும் ஒரே மூச்சில் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். “அஞ்சு மணிக்கெல்லாம் வாசல்ல நிப்பேன்த்தா” என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டுத்தான் எதில் போவது என்று யோசித்தேன். ஜீப் வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் வண்டியில் ஏறமாட்டேன் என்று நான் சத்தியம் செய்துவிட்டேன். அதனால் பஸ். விடியற்காலை முதல் பஸ்ஸில் திருப்பூர், அங்கிருந்து பல்லடம் பஸ். பானை ஒச்சாயி மடியில் வரும், வாழைத்தார் என் தோளில் வரும். ஆகவே நீங்கள் கார் அனுப்ப வேண்டாம், வாசலில் இடம் ஒதுக்கவும் வேண்டாம். பஸ்ஸிலிருந்து பானையோடு இறங்கி வருகிற இந்த ஆள் யார் என்று ஜெர்மனிக்காரர்கள் கேட்டால், வீட்டுக்காரியோட அண்ணன் என்று மட்டும் சொல்லுங்கள் மாப்பிள்ளை. எனக்கு அது போதும்.